கோணூசிப் பறவைக்கு யார் சாட்சி?

போன மாதம் ஒரு சாயங்காலம் ஒரு பறவையைப் பார்த்தேன். அதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே… எதையாவது திருடியிருந்தால்கூட இவ்வளவு விசாரணை நடந்திருக்காது.

பாந்த்ராவில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு, கிங்ஸ் சர்க்கிளுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். மாஹிமுக்கு முன்னால் கழிமுகத்தின் மேல் பாலம் வருமே, அங்கே சிக்னல் விழவில்லை. வண்டி நின்றுவிட்டது. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எல்லோரும் ரயில்வேயைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தண்ணீர் வடிந்து வெறும் சேறு. அதன் நடுவே, அப்போதுதான் சலவையிலிருந்து வந்த மாதிரி ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. நீளக் கால். மூக்கு மெல்லிசாக நீண்டு, நுனியில் மேல்நோக்கி வளைந்திருந்தது. கீழே இல்லை — மேலே! அந்த மூக்கைத் தண்ணீரில் வைத்து, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடந்தது. இரண்டு நிமிஷம் பார்த்திருப்பேன். சிக்னல் விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

அவோசெட்! படத்தில் மட்டும் பார்த்திருந்த பறவை. வடக்கே பனி கொட்டும் தேசங்களிலிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வருவது. கட்ச் பக்கம் வரும் என்பார்கள். பம்பாயில் பார்த்ததாக எங்கள் கூட்டத்தில் யாரும் சொன்னதில்லை.

எங்கள் கூட்டமா? இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பறவைப் பைத்தியம் பழகிப்போயிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பூரில் வீடு, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரமெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பவள் நான்.

என்னைப்போல் இன்னும் நாலு பேர் உண்டு. நாலு பேரும் ஆண்கள், மாட்டுங்காவாசிகள். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காபி ஹோட்டலில், கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில், ட்வைன் நூல் கட்டிய நீள நோட்டு ஒன்று தொங்கும். யார் எந்தப் பறவையைப் பார்த்தாலும் அதில் எழுத வேண்டும். ஆபீஸ் விட்டு வந்து காபியை ஆற்றிக்கொண்டே மற்றவர்கள் படிப்பார்கள். அதுதான் எங்கள் சங்கம், எங்கள் பத்திரிகை, எங்கள் கோர்ட்டு எல்லாம்.

கோர்ட்டு என்றால் ஜட்ஜ் வேண்டுமே? வைத்தா ஸார். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் செக்‌ஷன் தலைவர். எங்களிடம் உள்ள ஒரே பைனாகுலர் அவருடையது. ஒரே பறவைப் புத்தகமும் அவருடையது. நோட்டில் ரூல் தடி வைத்துக் கோடு போட்டவரும் அவரே. நாள், இடம், பறவை, பார்த்தவர், கூடப் பார்த்தவர், பார்த்த சூழ்நிலை என்று ஆறு கட்டங்கள். காக்கை குருவிக்கு ஒரு ஜோடிக் கண் போதும். அபூர்வப் பறவை என்றால் இரண்டு ஜோடிக் கண் வேண்டும். இது அவர் போட்ட சட்டம். மாதக் கடைசியில் அவரே இங்கிலீஷில் டைப் அடித்து, நகரத்தில் உள்ள பெரிய பறவைச் சங்கத்துக்கு அனுப்புவார். 'கிடைத்தது, நன்றி' என்று அங்கிருந்து ஒரு கார்டு வரும். அதை ஃபைலில் போட்டுப் பூஜை செய்யாத குறைதான்.

அன்று நேராக ஹோட்டலுக்குப் போய் நோட்டை எடுத்தேன். இடம் என்ற கட்டத்தில் 'காடி' என்று எழுதினேன். பம்பாயில் கழிமுகத்தை அப்படித்தான் சொல்லுகிறோம். ரயிலையும் அப்படித்தான் சொல்லுகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் சிவப்புப் பென்ஸில்! 'ஓடும் காடி. ஒரு ஜோடிக் கண். கர்லூவாக இருக்கலாம். ஏற்பதற்கில்லை.'

"ஓடற ரயில் இல்லை ஸார். நின்ன ரயில்" என்றேன்.

"லலிதா, நீங்க பொய் சொல்றேள்னு நான் சொல்லலை" என்றார் வைத்தா ஸார், டபராவைக் கீழே வைக்காமலே. "தப்பாப் பார்த்திருப்பேள்னுதான் சொல்றேன். வளைஞ்ச மூக்குன்னா அது கர்லூ."

"கர்லூவுக்குக் கீழே வளையும். இதுக்கு மேலே வளைஞ்சிருந்தது."

"வண்டி குலுக்கல்ல அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"நின்ன வண்டி எப்படி ஸார் குலுங்கும்?"

"சரி, குலுங்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. கட்ச்சுக்கு வர்ற பறவை, அதை விட்டுட்டு மாஹிம் சாக்கடைக்கா வரும்? கண்ணாடி மாத்தி எத்தனை நாளாச்சு?"

மற்ற மூவரும் காபியில் மும்முரமாக இருந்தார்கள்.

ஒரு ஆண் ஒரு பறவையைப் பார்த்தேன் என்றால் 'எங்கே?' என்று கேட்கிறார்கள். ஒரு பெண் பார்த்தேன் என்றால் 'கண்ணாடி மாற்றினாயா?' என்று கேட்கிறார்கள். போன வருஷம் வைத்தா ஸார் மொட்டைமாடியில் தன்னந்தனியாகப் பார்த்த ஒரு கழுகு, எந்தச் சாட்சியும் இல்லாமல் நோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேட்டால், 'பைனாகுலர்ல பார்த்தேனே, ரெண்டு லென்ஸ் இருக்கே' என்றார். மூன்று வருஷமாக அந்த நோட்டில் எழுதுகிறேன். ஒரு வரிகூடத் தப்பென்று ஆனதில்லை. அந்த ஒரு சிவப்புக் கோட்டில் மூன்று வருஷமும் பொய்யாகிவிட்ட மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வைத்தா ஸார் அடுத்தடுத்து இரண்டு சாயங்காலம் பாந்த்ரா வரை ரயிலில் போய் வந்தார். இரண்டு நாளும் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு நாளும் சிக்னல் உடனே விழுந்தது. ரோட்டுப் பக்கமிருந்து பார்க்கலாமென்றால் அலையாத்திப் புதர் மறைத்தது. "ஒண்ணுமே இல்லை" என்று திருப்தியாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் புத்தகத்தையே மேஜைமேல் விரித்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள்.

தாராவியில் இருப்பவள். திருநெல்வேலிப் பக்கம். அவளும் அவள் வீட்டாரும் முறுக்குச் சுற்றுகிறார்கள். தினமும் சாயங்காலம் தலையில் தகர டின்னோடு வந்து ஹோட்டலில் முறுக்கைப் போட்டுவிட்டுக் காலி டின்னை எடுத்துக்கொண்டு போவாள். என்னைப் பார்த்தால் 'அக்கா' என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் பழக்கம்.

அன்றைக்கு டின்னுக்காகக் காத்து நின்றவள், விரித்திருந்த படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதுவா? இது கோணூசில்லா!"

"என்னது?" என்றார் வைத்தா ஸார்.

"கோணூசி ஸார். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மூக்கப் பாருங்க."

"பார்த்தேளா, கோண மூக்குன்னுதான் இவளும் சொல்றா. கோணல்னா கீழ வளைஞ்சது. கர்லூ!"

பேச்சியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். விடுவிடுவென்று சமையற்கட்டு வாசலுக்குப் போனாள். அங்கே அரிசி மூட்டையில் குத்தி வைத்திருந்த கோணூசியை உருவிக்கொண்டு வந்தாள். கோணி தைப்பவர்கள் வைத்திருப்பார்களே, நுனி வளைந்த பெரிய ஊசி, அதுதான். அதை வைத்தா ஸாரின் மூக்குக்கு நேரே நீட்டி, வளைவு கீழே வரும்படிப் பிடித்தாள்.

"இது நீங்க சொல்லுத பறவ. அதுவும் அங்ஙன நிக்கும். ஒரே மண்ணு நெறமா." ஊசியைப் புரட்டி நுனியை மேலே பார்க்க வைத்தாள். "இது எங்க பறவ. கறுப்பும் வெள்ளையுமா. போன வாரம் நாலு வந்துது. இப்ப ஆறு நிக்கி. நாங்க தெனமும் பாக்கோம்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வைத்தா ஸார் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. அவர் பறவைகளை நிஜமாகவே நேசிப்பவர். நம்ப முடியாததெல்லாம் என்னைத்தான்.

"எங்கே? எத்தனை மணிக்கு? எங்க எல்லாரையும் கூட்டிண்டு போறியா?"

"ஆம்பளைய அங்க வரக் கூடாது ஸார்."

"ஏன்?"

"காலையில வெளுக்க முன்ன, தாராவிப் பொம்பளைய காடிக் கரைக்கு எதுக்குப் போவோம்? நீங்களே சொல்லுங்க."

வைத்தா ஸார் காபியைப் பார்த்தார். மற்றவர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த முதலாளி திடீரென்று சில்லறை அடுக்க ஆரம்பித்தார்.

"நான் வர்றேன் பேச்சியம்மா" என்றேன்.

"வாங்கக்கா. செருப்பு வேண்டாம், சேறு இழுத்துரும்."

பைனாகுலரைக் கேட்டேன். "அந்த இடத்துக்கா?" என்று மார்போடு அணைத்துக்கொண்டார் வைத்தா ஸார். வேண்டாம் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாட்டுங்காவில் அக்கா வீட்டில் தங்கினேன். விடியுமுன் கிளம்பித் தாராவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாள் காத்திருந்தாள். அவளோடு பதினோரு பெண்கள், ஆளுக்கொரு தகரக் குவளையோடு. பன்னிரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள், சேர்ந்துதான் திரும்புவார்கள். தனியாகப் போக முடியாது. பாம்பு உண்டு. பாம்பைவிட மோசமானவர்களும் உண்டு. ஒருத்தி எப்போதும் ரோட்டைப் பார்த்து நின்றபடி காவல் காப்பாள்.

புதர்களைத் தாண்டினால் திறந்த சேறு. நான் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போது தூரத்தில் ரயில் வெளிச்சம் தெரிந்தது. எல்லோரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். புடவை சரசரத்தது எனக்குக் கேட்டது. வண்டி போனது. மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி ஒரு வண்டி. மறுபடி எழுந்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாலத்தின் மேல்தானே என் வண்டி இரண்டு நிமிஷம் நின்றது? சிக்னல் விழவில்லையே என்று சந்தோஷப்பட்டு நான் ஒரு பறவையைப் பார்த்தேன். காலையில் ஒரு வண்டி அப்படி நின்றுவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்?

"நிப்போம்" என்றாள் பேச்சியம்மாள், பிறகு நான் கேட்டபோது. "வண்டி போற வரைக்கும் நிப்போம். ஒரு நாளு அர மணி நேரம் நின்னுது. வயிறு வலிச்சு ஒருத்தி அழுதுட்டா."

லேசாக வெளுத்தது. புகை மாதிரி இருந்த தண்ணீரில் முதலில் வெள்ளை தெரிந்தது. பிறகு கறுப்பு. ஆறு பறவைகள். வரிசையாக, மூக்கை இடமும் வலமும் வீசிக்கொண்டு நடந்தன. அடுத்த ரயில் வந்தபோது ஆறும் எழும்பிப் பறந்தன. ரயில் போனதும் அதே இடத்தில் இறங்கின.

"பாத்தீங்களாக்கா? காடி வந்தா அதுவும் எந்திரிக்கும், நாங்களும் எந்திரிப்போம். அதனாலதான் எங்களுக்கு அதத் தெரியும்."

"இதுல எது ஆண், எது பெண்?" என்று கேட்டேன். புத்தகப்படி பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

"விடிஞ்சதும் விடியாததுமா வாசல் பெருக்குதுல்லா? பொம்பளையாத்தான் இருக்கும்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும்தான். சேற்றில் வெறுங்காலோடு, பைனாகுலர் இல்லாமல், என் வாழ்க்கையில் நான் பறவை பார்த்த மிக நல்ல காலை அது.

சாயங்காலம் நோட்டில் எழுதினேன். பறவை: அவோசெட், ஆறு. பார்த்தவர்: பேச்சியம்மாள். கூடப் பார்த்தவர்கள் என்ற கட்டத்தில் பதினோரு பெயர்கள் இடம் போதாமல் ஓரத்தில் இறங்கி ஓடின. கடைசியில்தான் என் பெயர். பார்த்த சூழ்நிலை: காலைக்கடன்.

வைத்தா ஸார் படித்தார். காது சிவந்தது.

"பறவையை நான் நம்பறேன் லலிதா. அதுல ஆட்சேபணை இல்லை. ஆனா இது பெரிய சங்கத்துக்குப் போறது. இப்படியெல்லாம் எழுத முடியுமோ? முறுக்கு விக்கறவாளா சாட்சி? ஒண்ணு பண்ணலாம். பார்த்தவர் நீங்க. கூடப் பார்த்தவர்னு என் பேரைப் போட்டுடறேன். ரெண்டு ஜோடிக் கண் ஆச்சு. 'காலை உலாவின்போது'ன்னு எழுதிட்டா கௌரவமா முடிஞ்சுடும்."

எவ்வளவு சுலபம் பாருங்கள்! முந்தின நாள் வரை என் சொந்தக் கண்ணையே நம்பாதவர், இப்போது தன் கண் காணாததற்குச் சாட்சி சொல்லத் தயார். பறவை வேண்டும். பார்த்தவள் வேண்டாம்.

"முடியாது ஸார்" என்றேன்.

"நல்லதுக்குத்தானே சொல்றேன்."

"அவ பேர் இல்லேன்னா என் பேரும் இல்லை. இந்த ஒரு வரி மட்டுமில்லை. மூணு வருஷமா நான் எழுதின ஒவ்வொரு வரியையும் இப்பவே அடிச்சுடறேன். சிவப்புப் பென்ஸிலைக் குடுங்கோ."

கை நீட்டினேன். அவர் பென்ஸிலைக் கொடுக்கவில்லை. நானும் கையை மடக்கவில்லை. நாலு மேஜைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டுமே! அதோடு நான் நிறுத்தவில்லை.

"அவாளுக்குத்தான் அந்தப் பறவை எப்போ வரும், எப்போ பறக்கும், எத்தனைன்னு தெரியும். நாம வாரத்துக்கு ஒரு நாள் போறோம். அவா தினம் போறா, மழையிலயும் போறா. பறவை பார்க்கறவான்னா அவாதான் ஸார். நாம வேடிக்கை பார்க்கறவா."

வைத்தா ஸார் அசையவில்லை. கடைசியில் அவரை அசைத்தது என் நியாயம் இல்லை. மற்ற மூவரில் ஒருவர் காபிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்ன ஒரு வாக்கியம்: "பாந்த்ராக்காரா முந்திண்டுடப் போறா…"

பாந்த்ராவிலும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. நல்ல இங்கிலீஷ், ஆளுக்கொரு பைனாகுலர். அவர்களிடம் தோற்பதைவிடப் பேச்சியம்மாள் தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும். வைத்தா ஸார் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டல் டைப்ரைட்டரில் பேப்பரைச் செருகினார். பதின்மூன்று பெயர்களையும் டைப் அடித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு டக் டக்கென்று அடித்து என்னிடம் காட்டினார்.

'மார்னிங் டியூட்டி.'

"காலைன்னா மார்னிங். கடன்னா கடமை, டியூட்டி. நேர் மொழிபெயர்ப்பு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தப்பென்று எப்படிச் சொல்வது? வார்த்தைக்கு வார்த்தை சரிதான். கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் பதில் வந்தது. கார்டு இல்லை, கடிதம்! வைத்தா ஸார் எழுந்து நின்று உரக்கப் படித்தார். மிக முக்கியமான செய்தி என்று எழுதியிருந்தார்கள். ஏற்றுக்கொண்டார்களாம், பதின்மூன்று பெயர்களோடும். அடுத்த வரிக்கு வந்ததும் கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். தாராவிப் பெண்மணிகள் முறை வைத்துக்கொண்டு தினந்தோறும் விடியற்காலை டியூட்டி பார்த்துப் பறவைகளைக் கண்காணிப்பது அறிந்து மிக்க மகிழ்ச்சி. இத்தகைய கட்டுப்பாடு வேறெங்கும் கண்டதில்லை. இப்பணி தொடர வேண்டும். டியூட்டியில் உள்ளவர்களுக்கு வசதி ஏதேனும் தேவையென்றால் தயங்காமல் எழுதவும்.

முறுக்கு டின்னோடு வந்த பேச்சியம்மாளுக்கு அதைத் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வசதி வேணுமான்னு கேட்டிருக்காவளாக்கா?"

"ஆமாம்."

"அப்ப எழுதுங்க. பன்னெண்டு கக்கூஸு. கதவு வச்சு, உள்ளுக்க தாப்பா வச்சு. தண்ணிக் கொழா ஒண்ணு."

"ஐயோ, அதெல்லாம் பறவைச் சங்கத்துக்கு எழுதற விஷயமா?" என்று பதறினார் வைத்தா ஸார். "அதுவும் போக, கக்கூஸ் கட்டிட்டா அப்புறம் யார் அங்கே போய்ப் பறவையைப் பார்ப்பா?"

பேச்சியம்மாள் காலி டின்னைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பவும் போவோம் ஸார். நல்லா விடிஞ்ச பொறவு போவோம். காடி வந்தாலும் எந்திரிக்க மாட்டோம். பறவையப் பாக்கதுக்குன்னே போவோம், உங்கள மாதிரி."

பேச்சியம்மாள் கேட்டதையெல்லாம் எழுதிய கடிதத்தை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். இந்தத் தடவை டைப் அடித்தது நான். காலைக்கடனுக்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும்!